அகன்ற டயரும் அளவான காற்றும்

மிதிவண்டிச் சக்கரத்தைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுதுவதா என்று புருவம் உயர்த்துவோர் இருக்கலாம். அவர்களுக்கு என் மறுமொழி சுருக்கமானது. சக்கரத்தின் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்த மொழி நம் மொழி. நடுவில் இருப்பது குடம். அதிலிருந்து புறப்படுவன ஆர்கள். ஆர்களை வளைத்து நிற்பது சூட்டு. அனைத்தையும் தாங்குவது அச்சு. பெயர் வைத்ததோடு நம் முன்னோர் நின்றுவிடவில்லை. எவ்வளவு பாரத்தை அச்சுத் தாங்கும் என்றும் எண்ணிப் பார்த்தார்கள். மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சு முறிவதைத் திருவள்ளுவர் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் வைத்திருப்பதைத் தமிழ் மாணவர் அறிவர். மரச்சக்கரத்தின் கவலை அச்சைப் பற்றியது. காற்றடைத்த சக்கரத்திலோ அந்தக் கவலை விளிம்புக்கு வந்துவிட்டது. ரிம், டயர், அவற்றுக்கு இடையே நாம் அடைக்கும் காற்று ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் அந்தச் சக்கரம் சக்கரமாக இருக்கும்.

ரிம், டயர் என்றே எழுதப்போகிறேன். ‘சூட்டு’ என்ற பழஞ்சொல்லை ரிம்முக்கு வழங்கலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். வழங்கலாம்தான். ஆனால் பஞ்சர் ஒட்டும் கடையில் போய் நின்று ‘சூட்டு கோணிவிட்டது’ என்றால், கடைக்காரர் நம் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சலா என்று கேட்பார்.

சைக்கிளில் சுமையைத் தாங்குவது இரப்பர் என்றே பலரும் எண்ணுகிறோம். தாங்குவது காற்று, இரப்பரும் அதனுள் பின்னிய நூலும் காற்றைச் சிறைவைக்கும் உறைதான். 1888-இல் பெல்பாஸ்ட் நகரத்தில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றுக் குழாய் பொருத்திய கதை நமக்குத் தெரியும். அவருக்கும் முன்னர் 1845-இலேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார் என்பதும், அதனாலேயே டன்லப்பின் காப்புரிமை பின்னர் செல்லாமற் போயிற்று என்பதும் அவ்வளவாகப் பேசப்படாத செய்தி. 1891-இல் பிரான்சு நாட்டு மிஷ்லேன் சகோதரர்கள், ரிம்மிலிருந்து எளிதில் கழற்றி மாட்டக்கூடிய டயரைக் கொண்டுவந்தனர். ஒட்டிவைத்த டயருக்குப் பொருத்தம் பார்க்கும் வேலை மிகுதியில்லை. கழற்றி மாட்டலாம் என்றானபோதுதான் எந்த ரிம்முக்கு எந்த டயர் என்ற கேள்வி எழுந்தது. அது இன்றுவரை தீரவில்லை.

இதில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. பின்சக்கரத்தின்மேல் 50 கிலோ, அதாவது ஏறத்தாழ 110 பவுண்டு பாரம் இருப்பதாகக் கொள்வோம். டியூபில் சதுர அங்குலத்துக்கு 55 பவுண்டு காற்றழுத்தம் இருந்தால், டயர் ஏறத்தாழ 2 சதுர அங்குலப் பரப்பளவுக்குத் தரையை அழுத்தி நிற்கும். அழுத்தத்தை 35 பவுண்டாகக் குறைத்தால் அப்பரப்பு 3 சதுர அங்குலத்தைத் தாண்டும். டயர் ஒல்லியானதா அகன்றதா என்பது இக்கணக்கில் வரவேயில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அகலம் மாற்றுவது அந்தப் பரப்பின் வடிவத்தை. ஒல்லி டயரின் தடம் நீண்டு மெலிந்திருக்கும். அந்த நீளத்துக்காக டயர் ஆழமாக நசுங்க வேண்டும். அகன்ற டயரின் தடம் குட்டையாகவும் பரந்தும் இருக்கும். குறைந்த நசுங்கலிலேயே வேண்டிய பரப்புக் கிடைத்துவிடும். ஆகவேதான் அதே சுமைக்கு அகன்ற டயருக்குக் காற்றுக் குறைவாகவே போதும்.

என் தாய்மாமா எங்களூர்ப் பள்ளிவாசல் தெருவில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தார். அக்கடையில் எல்லாம் ஒரே சாதி வண்டிகள். 28-க்கு ஒன்றரை டயர். முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40 கம்பி. கனத்த எஃகு ரிம். இரும்புக் கம்பி பிரேக். சுபுஹுத் தொழுகைக்கு முன்பே மீன் வியாபாரிகள் வந்து கதவைத் தட்டுவார்கள். பின்னால் ஐஸ் பெட்டியும் கூடையுமாக இரண்டு ஆள் பாரம் ஏறப்போகும் வண்டி. “கல்லு மாதிரி அடிடா” என்பார் மாமா. அடித்து முடித்ததும் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். விரல் இறங்கக் கூடாது. அதுவே அவருடைய அளவுகோல். அந்த வண்டிகளின் வால்வில் சிறு இரப்பர்க் குழாய் ஒன்று காற்றை மூடிக்கொண்டிருக்கும். அதனால் டியூபுக்குள் இருக்கும் அழுத்தத்தை மானி வைத்து நேரே அளக்க இயலாது. விரலைத் தவிர வேறு வழியுமில்லை.

மாமாவின் முறை அந்த வண்டிக்குச் சரியானதே என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் அகல டயரின்மேல் நூறு கிலோவுக்கு மேல் பாரம் ஏறும்போது இறுகிய காற்று வேண்டும். மேலும் அந்த இரும்புக் கம்பி பிரேக், ரிம்மின் பக்கவாட்டில் உரசுவதில்லை. சக்கரத்தின் நடுவை நோக்கிய உட்புறத்தில்தான் அழுத்தும். எனவே எத்தனை ஆண்டு ஓட்டினாலும் டயரைப் பிடித்திருக்கும் பக்கச்சுவர் பிரேக்கினால் தேயாது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சைக்கிள் கற்ற பெண்கள் ஆயிரமாயிரம் பேர். நம் சமுதாயப் பெண்களும் அவர்களுள் இருந்தனர். முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதற்காகவே ஆண்கள் சைக்கிளை விரும்பியோரும் உண்டு. அந்தப் பாரங்களையெல்லாம் தாங்கிய சக்கரம் பெரும்பாலும் இந்த முரட்டுச் சக்கரமே.

ஆனால் வண்டி மாறிவிட்டது, விரல் மாறவில்லை. சிக்கல் இங்கேதான்.

2022-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு நண்பகல். லுஹர் பாங்கு சொல்லிச் சற்று நேரம் ஆகியிருந்தது. கல்லூரிச் சைக்கிள் நிறுத்தகத்தில் வேட்டு வெடித்ததுபோல் ஓர் ஓசை. ஓடிப்போய்ப் பார்த்தால், எங்கள் துறை இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனின் சைக்கிள் பின்சக்கரம் சிதைந்து கிடந்தது. டயர் ஒருபக்கம் வெளியே வந்துவிட்டது. அலுமினிய ரிம்மின் பக்கச்சுவர் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்து, தகரம்போல் வெளிப்பக்கம் மடிந்திருந்தது. “வெயில் சார், வெயில். காத்து சூடேறிப் போச்சு” என்றார் காவலாளி. சுற்றி நின்ற அனைவரும் தலையாட்டினர்.

வெயிலின்மேல் பழி போடுவது எளிது. கணக்கு அதற்கு இடம் தரவில்லை. காலை 27 பாகை வெப்பத்தில் 50 பவுண்டு காட்டும் டயர், நண்பகலில் 57 பாகைக்குச் சூடேறினாலும் 56, 57 பவுண்டைத்தான் காட்டும். ஆறேழு பவுண்டுக்கு வெடிக்கும் சக்கரம், ஒரு பள்ளத்தில் இறங்கினாலும் வெடிக்கும் நிலையில் இருந்த சக்கரமே. அந்த மாணவன் நாள்தோறும் எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலிருந்து வருபவன். பின்கேரியரில் தங்கையை ஏற்றிவந்து, வழியில் அவள் பள்ளியில் இறக்கிவிட்டு வருவான். அன்று காலையும் அப்படித்தான் வந்திருந்தான். பேருந்துகள் நெருக்கியடிக்கும் நெடுஞ்சாலை அது. நின்ற இடத்தில் வெடித்தது. அல்ஹம்துலில்லாஹ்.

மாமா மறைந்த பின் கடையை நடத்திவருபவர் அவர் மகன்; எனக்கு மச்சான் முறை. சக்கரத்தை அவரிடம் கொண்டுபோனோம். அவர் டயரைப் பார்க்கவில்லை. முதலில் ரிம்மின் உள்ளகலத்தை, அதாவது டயரைப் பிடித்திருக்கும் இரு சுவர்களுக்கும் இடைப்பட்ட வெளியை, இரும்பு ஸ்கேலால் அளந்தார். 17 மில்லிமீட்டர். அதன்மேல் மாட்டியிருந்த டயரின் அகலமோ 54 மில்லிமீட்டர். வண்டியோடு வந்த டயர் அன்று. பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்று பிறகு வாங்கி மாட்டியது. பிறகு விரலால் ரிம் சுவரைத் தடவிக் காட்டினார். பிரேக் கட்டை ஆண்டுக்கணக்கில் உரசியதில் சுவர் குழிந்து, காகிதம்போல் மெலிந்திருந்தது. கடைசியாக, “காத்து எங்க புடிச்ச தம்பி?” என்றார். வழியிலிருந்த ஒரு கடையின் கம்ப்ரசரில் கல்போல அடித்ததாக அவன் சொன்னான்.

நடந்தது இதுதான். டயருக்குள் அடைபட்ட காற்று தரையை மட்டும் தள்ளுவதில்லை. டயரின் நூலுறையை எல்லாப் பக்கமும் இழுக்கிறது. அந்த இழுவிசை, காற்றின் அழுத்தத்தையும் டயர்க் குழலின் ஆரத்தையும் பெருக்கி வருவது. 25 மில்லிமீட்டர் டயரில் 100 பவுண்டு அடித்தால் எவ்வளவு இழுவிசையோ, 50 மில்லிமீட்டர் டயரில் 50 பவுண்டுக்கே அவ்வளவும் வந்துவிடும். அந்த இழுவிசையை இறுதியில் ஏற்றுக்கொள்வது ரிம்மின் இரு சுவர்கள். அகன்ற டயரை ஒல்லி டயரின் இறுக்கத்துக்கு அடிப்பவர், ரிம் சுவரை இருமடங்கு விசையோடு வெளியே பிளக்கிறார் என்று பொருள். சுவர் தேய்ந்ததாகவும் இருந்துவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. அதிலும் சைக்கிள் டியூபின் கொள்ளளவு சிறிது. லாரிக்கும் காருக்கும் அமைந்த கம்ப்ரசர் அதைச் சில நொடிகளில் நிரப்பி அப்பாலும் போய்விடும்.

டயரின் பக்கச்சுவரில் அதிகபட்சக் காற்று இவ்வளவு என்று அச்சிட்டிருக்கிறதே என்று கேட்கலாம். அது அந்த டயர் தாங்கும் எல்லை. அடிக்க வேண்டிய அளவு என்று அதற்குப் பொருளில்லை. எந்த ரிம்மில் மாட்டுவோம், எவ்வளவு பாரம் ஏற்றுவோம் என்பதெல்லாம் டயர் செய்தவருக்குத் தெரியாது. ரிம்முக்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. பெரும்பாலும் அதை நெருங்கவும் வேண்டியதில்லை.

புது ரிம் வாங்குவது என்று முடிவாயிற்று. அளவு பார்த்து வாங்குவதில் உள்ள குழப்பம் தனிக்கதை. கணக்கு வகுப்பில் ஒன்றரையும் 1.5-உம் ஒன்றே. சைக்கிள் கடையில் அவை வேறு வேறு. 26-க்கு ஒன்றரை என்று பின்னத்தில் எழுதிய டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 584 மில்லிமீட்டர், 26-க்கு 1.5 என்று தசமத்தில் எழுதியதற்கு 559. 26-க்கு ஒன்றே முக்கால் அரைக்கால் என்பார்களே, அது 1⅞ ஆகும். நம் ஊரில் பழகியது ஒன்றேகாலே அரைக்கால், அதாவது 1⅜. அதற்கு விட்டம் 590. எல்லாம் ‘26’தான், ஆனால் ஒன்றின் டயர் மற்றதன் ரிம்மில் ஏறாது, அல்லது ஏறித் தொளதொளவென்று கிடக்கும். இன்னொரு வேடிக்கை: இக்காலத்து ‘29’ சக்கரத்தின் ரிம், மாமா கடையின் ‘28’ சக்கர ரிம்மைவிடச் சிறியது. முன்னது 622, பின்னது 635. 29 என்ற எண் தடித்த டயரையும் சேர்த்துச் சொல்லும் எண். ஆகவே அங்குலத்தை நம்ப வேண்டாம். டயரின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் 40-635, 50-559 என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது டயரின் அகலம், இரண்டாவது அது உட்காரும் ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். இரண்டாவது எண் அப்படியே ஒத்துப்போக வேண்டும். அதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

முதல் எண்ணில் விட்டுக்கொடுப்பு உண்டு. டயரின் அகலம், ரிம்மின் உள்ளகலத்தைப்போல் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்குவரை இருப்பது நல்ல பொருத்தம். உள்ளகலம் 20 என்றால் 30 முதல் 40 வரையுள்ள டயர். 25 என்றால் 50 வரை தாராளமாகப் போகலாம். தயாரிப்பாளர்களின் அட்டவணைகள் இதைவிடக் கூடுதலாகவே இடம் கொடுக்கின்றன. ஆனால் 17 மில்லிமீட்டர் ரிம்முக்கு 54 என்பது எந்தத் தாராளத்திலும் மிகை. ஒல்லி ரிம்மில் தடித்த டயர் மின்விளக்குக் குமிழ்போல் அடி சிறுத்து நுனி பருத்து நிற்கும். காற்றைக் குறைத்தால் திருப்பங்களில் பக்கவாட்டில் சாய்ந்து நெளியும். அந்த நெளிவுக்கு அஞ்சிக் காற்றைக் கூட்டினால் ரிம் பிளக்கும். இரண்டு பக்கமும் அடைத்துவிட்ட சந்து அது. பொருந்திய ரிம்மில்தான் குறைந்த காற்றில் ஓட்டும் வாய்ப்பே கிடைக்கிறது. மறுதலையாக, மிக அகன்ற ரிம்மில் ஒல்லி டயரை மாட்டினால் டயர் தட்டையாகி, ரிம்மின் ஓரமே கல்லில் இடிபடும்.

மச்சான் முதலில் செலவு குறைந்த வழியைச் சொன்னார்: ஒல்லியான டயரும் சாதாரண ரிம்மும்.

“அந்தச் சின்ன டயரப் போட்டா பசங்க சிரிப்பாங்க பாய்.”

“சிரிக்கட்டும் தம்பி. பின்னால தங்கச்சிய வச்சுக்கிட்டுப் போற. அது விழுந்தா எவனும் சிரிக்க மாட்டான்.”

அவன் பேசாமல் நின்றான். தடித்த டயரில் அவனுக்கு இருந்த ஆசையை வெறும் பகட்டு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அவன் ஊரிலிருந்து நெடுஞ்சாலை வரைக்கும் மூன்று கிலோமீட்டர் ஜல்லி பெயர்ந்த பாதை. அங்கே அகன்ற டயரே மெத்தென்று ஓடும். நல்ல வேளையாக 25 மில்லிமீட்டர் உள்ளகலமுள்ள 559 ரிம் ஒன்று பக்கத்து நகரத்தில் கிடைத்தது. அதற்கு 50-559 டயர்; இரண்டு மடங்கு, கச்சிதம். கம்பி கோத்து, கோட்டம் எடுத்து, பிரேக் கட்டையைப் புது அகலத்துக்குத் தள்ளிவைக்க ஒரு முழு மாலை பிடித்தது. பின்ஃபோர்க்கில் டயருக்கு இருபுறமும் விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார்.

காற்றின் அளவைக் கண்டது எப்படி என்பதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். வீட்டிலேயே எவரும் செய்து பார்க்கலாம். அமெரிக்கரான பிராங்க் பெர்ட்டோ என்ற பொறியாளர், டயர்களை அளந்து பார்த்து ஒரு விதி சொன்னார்: ஆள் ஏறியதும் டயரின் உயரத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 15 பங்கு நசுங்க வேண்டும். அடுத்த கடை அரிசி மண்டி. அங்கிருந்த தளத் தராசில் பின்சக்கரத்தை ஏற்றி, மாணவனை இருக்கையில் அமரச் செய்து, தங்கைக்குப் பதிலாக 35 கிலோ அரிசியைக் கேரியரில் கட்டினோம். பின்சக்கரத்தின்மேல் மட்டும் 75 கிலோ. பாரமில்லாதபோது ரிம்மின் ஓரத்திலிருந்து தரைவரை 46 மில்லிமீட்டர். அதில் 15 பங்கு ஏறத்தாழ 7. ஆகவே பாரம் ஏறியதும் 39 இருக்க வேண்டும். காற்றைக் கொஞ்சங்கொஞ்சமாக விட்டு அளந்துகொண்டே வந்தோம். ஸ்கேல் 39-ஐத் தொட்டபோது மானி காட்டியது 42 பவுண்டு. முன்சக்கரத்துக்கு 28 போதுமானதாக இருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்த மச்சான், “அத்தா பார்த்திருந்தா பஞ்சர்னு சொல்லியிருப்பாங்க” என்று சிரித்தார்.

மானி ஏற்காத பழைய வால்வு உள்ளவர்களுக்கும் இம்முறை பொருந்தும் என்பதுதான் இதன் சிறப்பு. ஒருவர் வண்டியில் அமர்ந்து சுவரைப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் குனிந்து ஸ்கேல் வைத்தால் போதும்.

நான்கு அங்குல டயர் பூட்டிய வண்டிகளும் இப்போது கண்ணில் படுகின்றன. அலாஸ்காவின் பனிப் பாதைகளில் பந்தயம் விட்டவர்களால் வளர்ந்து, 2005-இல் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் வண்டியால் பரவலான வகை அது. கைப்பிடி அகல ரிம்மும், பத்துப் பவுண்டை ஒட்டிய காற்றுமாகப் பனியிலும் மணலிலும் புதையாமல் ஓடுவதற்கென்றே அமைந்தது. நம் கடற்கரை மணலில் அது ராஜா. அதைத் தார்ச்சாலைக்காக நாற்பது பவுண்டுக்கு இறுக்குபவரைக் கண்டால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

காற்றுக் குறைந்தால் நல்லது என்று இதையெல்லாம் படித்துவிட்டு எல்லை மீறவும் கூடாது. அளவுக்குக் கீழே போனால், பள்ளத்தில் இறங்கும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். வால்வு நேராக நில்லாமல் ஒருபக்கம் சாய்ந்திருந்தால், டயர் ரிம்மின்மேல் நழுவி டியூபை இழுத்துக்கொண்டு போகிறது என்று அறியலாம், காற்றுப் போதவில்லை.

அந்த மாணவன் பட்டம் முடித்துப் போய்விட்டான். கடைசி ஆண்டு முழுவதும் வெள்ளிக்கிழமை தோறும், ஜும்ஆவுக்கு முன் மச்சான் கடையில் காற்றை அளந்துகொள்வது அவன் வழக்கமாக இருந்தது. டியூப் எவ்வளவு நல்லதாயினும் வாரத்துக்குச் சில பவுண்டு கசியவே செய்யும். தங்கை உடன்வரும் நாள்களுக்கு 42. பள்ளி விடுமுறையில் தனியே வரும்போது 32. இரண்டு எண்ணையும் கேரியரின் அடியில் வெள்ளை பெயிண்டால் எழுதிவைத்திருந்தான். இப்போது அந்த வண்டியைத் தங்கை ஓட்டுகிறாள். எண்களை மாற்றி எழுத வேண்டும் என்று மச்சானிடம் சொல்லியிருக்கிறாளாம்.